பூட்ஸ் சோல் மாவாக உதிர்ந்தது. கூழாங்கல், ஓடை, மழைக்காடு மூன்றுக்கும் ஒரு ஜோடி எப்படித் தேர்ந்தெடுப்பது?

தண்டையார்பேட்டை நடையன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. போன வாரம் கூடியம் குகைக்குப் போயிருந்தோம். பூண்டிக்கு அப்பால் இருக்கிறதே, அதுதான். அரசின் மலையேற்றத் திட்டத்தில் அந்தப் பாதையும் இருப்பதால் முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போனோம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது பாதி வழியில் வலது கால் குதிகாலில் ஏதோ டப் டப்பென்று தட்டுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் சோல் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. பத்து நிமிஷத்தில் இடது காலுக்கும் அதே கதி. துண்டைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு, உருளும் கூழாங்கற்கள் மேல் தட்டுத் தடுமாறி வெளியே வந்தேன்.

பூட்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. விலை 4,500 ரூபாய். மொத்தமாக ஐந்து தடவைதான் போட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் துடைத்து, பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுவேன். மேல்தோல் இன்னும் புதுசு மாதிரியே இருக்கிறது. அதுதான் மனசு ஆறவில்லை.

புதிதாக ஒரு ஜோடி வாங்க வேண்டும், 6,000 ரூபாய்க்குள். கூடியம் மாதிரி கூழாங்கல் தரை, ஆந்திரா பக்கத்துத் தடா அருவி மாதிரி ஓடையும் பாறையும், வருஷத்தில் ஒரு தடவை மேற்குத் தொடர்ச்சி மலை. என் கால் முன்பக்கம் அகலம். எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் கடிக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரியமேட்டுத் தோல்காரர் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சோல் சுத்தமாக, தாள் உரிகிற மாதிரி கழன்றதா? இல்லை, நடுவில் இருக்கிற அடுக்கு உதிர்ந்ததா? அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை நடையன் | ஞாயிறு, இரவு 10.31

அழுத்திப் பார்த்தேன் ஐயா. டீயில் போடாத ரஸ்க் மாதிரி நொறுங்குகிறது. விரலில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான தூள் ஒட்டியது. அடியில் இருக்கிற கறுப்பு ரப்பருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பெரியமேட்டுத் தோல்காரர் | திங்கள், காலை 6.50

அப்போது சந்தேகமே வேண்டாம், அது பி.யூ., அதாவது பாலியூரித்தேன் நுரை. சுத்தமாக உரிந்திருந்தால் பசையின் கோளாறு. நல்ல தொழிலாளியிடம் கொடுத்தால் மறுபடி ஒட்டித் தைத்துத் தருவார். உங்களுக்கு ஒட்டுவதற்கு அங்கே பொருளே மிச்சமில்லை.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தோலும் ஷூ சாமான்களும் விற்று வயிறு வளர்த்தவன் நான், இந்த ஒரு விஷயத்தைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. தரையில் படுகிற ரப்பர் ஓர் அடுக்கு. அதற்கும் உங்கள் காலுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இன்னோர் அடுக்கு. அதை மிட்சோல் என்போம். மலையேற்ற ஷூக்களில் அது பெரும்பாலும் இரண்டு சரக்கில் வரும்: பி.யூ. அல்லது ஈ.வி.ஏ., அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் நுரை.

பி.யூ. கனமானது, ஆனால் லேசில் அமுங்காது. முதுகில் 15 கிலோ மூட்டையோடு நாள் கணக்கில் நடக்கிறவர்களுக்கு அதை விட்டால் வேறில்லை. அதனால்தான் கனமான, விலை கூடிய பூட்ஸில் அதைப் போடுகிறார்கள். அதற்கு எதிரி ஈரக் காற்று. காற்றில் இருக்கும் நீராவி நுரைக்குள் புகுந்து, அதன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். நீராற்பகுப்பு என்று பெயர். அறுபடும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் மிச்சத்தையும் வேகமாக அறுக்கும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் பக்கம் கடற்காற்று, காலை வேளையில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நீங்கள் அதை மூடிய பெட்டியில், கூரைச் சூட்டுக்குக் கீழே, பரணில் ஆறு வருஷம் வைத்திருக்கிறீர்கள். கரையான் அரித்த கதவு மாதிரிதான், வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நீங்கள் போட்டு நடந்ததால் அது கெடவில்லை தம்பி. போடாமல் வைத்ததால் கெட்டது. நடக்கும்போது நுரை அமுங்கி விரிவதில் உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறும் என்று பூட்ஸ் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள்.

ஈ.வி.ஏ.வுக்கு இந்த நோய் கிடையாது. எடை குறைவு, வாங்கிய அன்றே மெத்தென்று இருக்கும். ஆனால் நடக்க நடக்க அமுங்கிக்கொண்டே போகும். பக்கவாட்டில் நெருக்கமாகச் சுருக்கக் கோடுகள் விழுந்து, நடந்தால் கல் குத்துவது தெரிய ஆரம்பித்தால் அதன் காலம் முடிந்தது.

ஆக, நீடித்து உழைக்கும் பூட்ஸ் வேண்டும் என்று கேட்கிறீர்களே, உழைப்பைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறீர்களா, வருஷத்திலா? வாராவாரம் மலை ஏறுகிறவர் பி.யூ. வாங்கட்டும், அது உதிர்வதற்குள் ரப்பரே தேய்ந்துவிடும். ஆறு வருஷத்தில் ஐந்து தடவை போகிறவர் ஈ.வி.ஏ. வாங்க வேண்டும். கடையில் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் விவரத்தை இணையத்தில் பாருங்கள், மிட்சோல் என்று ஒரு வரி இருக்கும்.

இன்னொன்று. பெட்டியின்மேல் விலையோடு தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்க வேண்டும், சட்டம் அது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்க்க வேண்டும். கிடங்கில் மூன்று வருஷம் கிடந்த சரக்கு என்றால் உங்கள் பரணில் நடந்தது அங்கேயே பாதி நடந்து முடிந்திருக்கும்.

மணலி ஷிஃப்ட்காரன் | திங்கள், காலை 8.05

ஐயா சொல்வது எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஆலையில் எனக்கு வருஷத்துக்கு ஒரு சேஃப்டி ஷூ கொடுப்பார்கள். தினமும் எட்டு மணி நேரம் போடுகிறேன், சோல் தேயும், ஒரு நாளும் உதிர்ந்தது கிடையாது. ஆனால் லாக்கரில் பிரிக்காமல் வைத்திருந்த பழைய ஜோடி ஒன்றை நாலு வருஷம் கழித்து எடுத்துப் போட்டேன். கேட்டிலிருந்து யூனிட் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கம்பெனி சரக்கு மட்டம் என்று நினைத்திருந்தேன்.

நடையன், நான் கொல்லிமலைக்கு அந்த சேஃப்டி ஷூவிலேயே போய்விட்டு வந்தேன். பாரிமுனைப் பக்கம் 1,200, 1,500க்கே நல்லது கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, ஐ.எஸ். 15298 என்று போட்டிருக்கும். உங்களுக்கு அது போதாதா?

மலைத்தடம் | திங்கள், மதியம் 1.20

ஷிஃப்ட்காரன் அண்ணா, ஏறுவதற்குப் போதும். இறங்கும்போதுதான் தொல்லை. முன்னால் இருக்கிற இரும்புக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்குவதற்காகச் செய்தது, விரலுக்காக ஒரு நூல்கூட விலகிக் கொடுக்காது. இறக்கத்தில் கால் முன்னால் சரியும், ஒவ்வொரு அடிக்கும் நகம் இரும்பில் போய் இடிக்கும். இரண்டாவது, எடை. ஓட்டக்காரர்களிடம் அளந்து பார்த்ததில் ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது. மூட்டையில் கூடும் எடையைவிடக் காலில் கூடும் எடை எப்போதும் அதிகமாகக் களைக்க வைக்கும். மூன்றாவது, சேஃப்டி ஷூவின் அடிப்பக்கம் எண்ணெய் படிந்த சிமெண்ட் தரைக்காகச் செய்தது. பள்ளங்கள் ஆழமில்லை, ஈர மண்ணில் உடனே அடைத்துக்கொள்ளும். மலைக்கு 4, 5 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும், பற்களுக்கு நடுவில் இடைவெளியும் வேண்டும், அப்போதுதான் மண் தானாக விழும்.

ராயபுரத்து அக்கா | திங்கள், இரவு 8.45

எல்லாரும் சோலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பியின் சுண்டுவிரல் கடிக்கிறது என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? அளவு பொருந்தாத பூட்ஸ் எவ்வளவு உழைத்தால் என்ன, போட்டிருக்கவே முடியாது.

நான் பன்னிரண்டு வருஷமாக மலை ஏறுகிறேன். முதல் மூன்று வருஷத்தில் இரண்டு கட்டைவிரல் நகமும் இரண்டு முறை கறுத்து விழுந்தன. வீட்டில், பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்றார்கள். காரணம் மலை கிடையாது, அரை அளவு சின்ன ஷூ. அதற்கப்புறம் நான் செய்வதைச் சொல்கிறேன், தம்பி அப்படியே செய்யட்டும்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே கையோடு எடுத்துப் போங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்பளம் கொடுக்கும். கடையில் ஷூவுக்குள் காலை விடுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் மெல்லிய மெத்தையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். முழு எடையும் கொடுத்து நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கத்துச் சதை மெத்தைக்கு வெளியே வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது. விற்பவர், போகப் போக விட்டுக்கொடுக்கும் என்பார். தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். துணியும் ரெக்ஸினும் விட்டுக்கொடுக்காது. நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டவும் கூடாது, அப்படிச் செய்தால் ஷூ மடிகிற இடமும் கால் மடிகிற இடமும் ஒன்றாக இருக்காது. நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால், விரல்கள் விரிந்துதான் இருக்கும். பெண்களுக்கான மாடல்கள் இன்னும் ஒடுக்கமாக வருவதால் நான் ஆண்கள் பிரிவில்தான் வாங்குகிறேன்.

அப்புறம், லேஸ் கட்டாமல் விரலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸ் கட்டிய பிறகு குதிகால் தூக்கக் கூடாது. வாங்கி வந்ததும் பில்லை பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி ஏறி இறங்குங்கள். பத்துத் தடவை இறங்கியும் விரல் முன்னால் போய் முட்டவில்லை என்றால் பிழைத்தீர்கள். முட்டினால் சோல் அழுக்காகாமல் இருக்கும்போதே மாற்றிவிடலாம்.

குதிகால் தூக்கினால் ஒரு கட்டு இருக்கிறது. மேலே கடைசி இரண்டு துளைகளில், லேஸைக் குறுக்கே கொண்டு போகாமல் அதே பக்கத்து மேல் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. வலது லேஸை இடது வளையத்துக்குள், இடது லேஸை வலது வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து அப்புறம் முடிச்சு. குதிகால் கவ்விப் பிடித்த மாதிரி நிற்கும். இறக்கத்தில் நகத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு முடிச்சுதான்.

காசிமேடு வலைக்கடை | செவ்வாய், காலை 5.30

அக்கா சொன்ன முடிச்சை இப்போதே கடையில் கட்டிப் பார்த்தேன், நன்றாக நிற்கிறது. லேஸ் அறுந்தால் நைலான் வலைக்கயிறு 3 மில்லிமீட்டர் வாங்கி நுனியைத் தீயில் காட்டி ஒட்டிவிடுங்கள், ஒரிஜினல் லேஸைவிட உழைக்கும். பையில் எப்போதும் நாலு முழம் வைத்திருப்பேன். நடையன் அண்ணாவுக்கு அன்றைக்கு அது இருந்திருந்தால் துண்டு தப்பித்திருக்கும்.

தடாவுக்கு வாட்டர்ப்ரூஃப் வாங்காதீர்கள். நாங்கள் தண்ணீரோடு வாழ்கிறவர்கள், தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதைவிட வந்த தண்ணீர் சீக்கிரம் போக வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அங்கே ஓடையை ஒரு தடவையா கடக்கிறோம்? முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினால் கணுக்கால் வழியாகத்தான் உள்ளே வரும். வந்த தண்ணீரை வாட்டர்ப்ரூஃப் ஷூ வெளியே விடாது, குடம் மாதிரி தேக்கி வைத்துக்கொள்ளும். அப்படி ஒரு நாள் முழுக்க நடந்து பாதம் வெள்ளையாக ஊறிப்போய்த் தோல் உரிந்தது எனக்கு. இப்போது வலைத்துணி ஷூதான். வாங்கும்போது வீட்டுக் குழாயடியில் ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி இருபது அடி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்திலிருந்து பீய்ச்சி அடித்தது. அதுதான் வேண்டும்.

பனிமலை ரசிகை, பெரம்பூர் | செவ்வாய், காலை 10.10

இதில் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உத்தராகண்டில் பனியில் நடந்தபோது கோர்-டெக்ஸ் பூட்ஸ் இல்லாவிட்டால் என் விரல்கள் விறைத்திருக்கும். அது டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து உண்டாக்கிய சவ்வு, 1969இல் பாப் கோர் கண்டுபிடித்தது. அதன் துளைகளில் நீர்த்துளி நுழைய முடியாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியே போகும். ஆனால் ஆவி வெளியே போக வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிராகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பனிமலையில் அது நடக்கும். ஏப்ரல் மாதத்தில் திருவள்ளூர்க் காட்டில் நடக்காது, கால் வெந்துவிடும். அதனால் வலைக்கடைத் தம்பி சொல்வது நம் பக்கத்துக்குச் சரி. நடையன் இமயமலை போகும்போது அதற்கென்று தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலம் என்றால் அட்டைக்கு எந்த ஷூவும் தடை கிடையாது, லேஸ் துளை வழியாகவே வரும். முழங்கால் வரைக்கும் வரும் அட்டைச் சாக்ஸ் தனியாக வாங்குங்கள்.

மணலி ஷிஃப்ட்காரன் | செவ்வாய், மாலை 4.40

கணுக்காலை மூடுகிற உயரமா, கட்டையா? கணுக்கால் பிசகாமல் இருக்க உயரமானதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள்.

மலைத்தடம் | செவ்வாய், மாலை 6.00

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடும் கல்லூரி மாணவர்களுக்கு உயரமான ஷூவும் கட்டையான ஷூவும் கொடுத்துப் பார்த்து 1993இல் வெளியிட்டார்கள், கணுக்கால் பிசகுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மைதானமும் மலையும் ஒன்றில்லைதான். ஆனால் துணியால் ஆன மெல்லிய காலர் எலும்பைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பி அடி வைக்காதீர்கள். உயரத்தால் கிடைக்கிற உண்மையான லாபம் வேறு: முள்ளும் பொடிக்கல்லும் உள்ளே வராது. கூடியத்தில் இரண்டுமே நிறைய. அத்திரம்பாக்கத்தில் 1863இல் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் கற்காலக் கோடரி கண்ட தரைக்குப் பக்கத்து மண்தான் அது, உருண்டையான குவார்ட்சைட் கற்கள் கொட்டிக் கிடக்கும். அதற்கு நான் சொல்வது நடுத்தர உயரம்.

உருளும் கல்லில் இன்னொரு சோதனை. கடையில் ஷூவின் முன்பக்கத்தையும் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். பிழிபட்டால் வைத்துவிடுங்கள். முன்பக்கம் விரல் மடிகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் முறுகக் கூடாது.

ஒற்றியூர் மலையடியார் | செவ்வாய், இரவு 9.15

எனக்கு வயது 67. பர்வதமலைக்கு முப்பது முறைக்கு மேல் வெறுங்காலோடு போயிருக்கிறேன். கடப்பாரையையும் சங்கிலியையும் பிடித்து ஏறுகிற இடத்தில் தடித்த பூட்ஸ் போட்ட பிள்ளைகள் கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதலாக நான் போவதைப் போல எல்லாரும் வெறுங்காலில் போங்கள் என்று சொல்ல மாட்டேன், நான் அதற்குப் பழகியவன். ஆனால் மெத்தை எவ்வளவு தடியோ அவ்வளவு நல்லது என்று எண்ணாதீர்கள். தரை காலுக்குத் தெரிய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடங்கள், பாதம் உறுதிப்படும்.

பெரியமேட்டுத் தோல்காரர் | புதன், காலை 7.00

மலையடியார் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன்.

ரப்பரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அடியில் மஞ்சள் எட்டுக்கோண முத்திரை பார்த்திருப்பீர்கள், விப்ரம். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த விடாலே பிராமானி என்ற இத்தாலியர், பாறையைப் பிடிக்கிற ரப்பர் சோல் வேண்டும் என்று 1937இல் உருவாக்கியது. நல்ல சரக்கு. ஆனால் அதிலும் பல கலவை உண்டு. பொதுவில் மிருதுவான ரப்பர் ஈரப் பாறையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியானது தேயாது, ஈரத்தில் வழுக்கும். நடையனுக்கு மிருதுவானதே போதும். பாசி பிடித்த பாறையில் மட்டும் எதுவும் நிற்காது, சுற்றிப் போங்கள்.

தண்டையார்பேட்டை நடையன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 55 சதவீதம் தள்ளுபடியில் ஒரு ஜோடி, பார்க்கவே ஆசையாக இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் மெத்தையை உருவி அதன்மேல் நின்றேன், சுண்டுவிரல் முழுதாக வெளியே கிடந்தது. பத்து வருஷமாக எனக்கு எது கடித்தது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மூன்றாவது கடையில் கிடைத்தது: நடுத்தர உயரம், பக்கத்தில் வலைத்துணி, விரல் பக்கம் ரப்பர் மூடி, ஈ.வி.ஏ. மிட்சோல், தயாரித்து ஐந்து மாதம். 5,200 ரூபாய். இரண்டு நாள் வீட்டு மாடிப்படி, அப்புறம் ஒரு வாரம் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலப் படி.

இன்று தடா போய் வந்தோம், காலை கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில். ஓடையை எத்தனை தடவை கடந்தோம் என்று எண்ணவில்லை. கரை ஏறிக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் சளக் சளக் சத்தம் நின்றுவிடுகிறது. பாசியில் ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தேன், அடி இல்லை. இடது குதிகாலில் மட்டும் சூடு தெரிந்தது. உடனே உட்கார்ந்து அக்கா சொன்ன வளையத்தைப் போட்டுக் கட்டினேன், கொப்பளம் வரவில்லை. நகம் பத்தும் பத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெத்தையை உருவி, உள்ளே நியூஸ்பேப்பர் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வெயிலில் வைக்கலாமா ஐயா?

பெரியமேட்டுத் தோல்காரர் | ஞாயிறு, இரவு 9.25

வேண்டாம், பசை விட்டுவிடும். நிழல்தான். பேப்பர் நனைந்ததும் மாற்றுங்கள். காய்ந்ததும் நாக்கின் உள்பக்கம் வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டை நடையன் | ஞாயிறு, இரவு 9.32

பெட்டியில் அம்மா ஏற்கெனவே வெங்காயம் கொட்டிவிட்டார்கள் ஐயா. ஷூ இனிமேல் வாசல் ஸ்டாண்டில்தான். நாளைக்குக் காலையில் மார்க்கெட்டுக்கும் அதைத்தான் போட்டுப் போகிறேன்.